பாலைவன மலையில் பறப்பது: 62 மணி நேர அனுபவத்தோடு ஓவன்ஸ் பள்ளத்தாக்குக்குப் போகலாமா?

கோவளம்காற்று | ஆகஸ்ட் 11, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் காம்ஷெட்டில் பாராகிளைடிங் கற்றேன். அதன் பிறகு மூன்று அக்டோபர் மாதங்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்கில் பறந்திருக்கிறேன். இதுவரை பறந்தது மொத்தம் 62 மணி நேரம். ஒரே மூச்சில் மிக அதிகமாகப் பறந்தது மூன்றே கால் மணி நேரம். என் சிறகு, அதாவது பாராகிளைடரின் துணி விதானம், பாதுகாப்புத் தரத்தில் பி வகையைச் சேர்ந்தது. சென்னையில் இருக்கும் மாதங்களில் ஞாயிறு காலை கோவளத்துக்குத் தெற்கே கடற்கரையில் சிறகைத் தலைக்கு மேல் நிறுத்திப் பழகுவதோடு சரி. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கும் ஊரில் அதற்கு மேல் ஆசைப்பட முடியாது.

அலுவலக வேலையாகச் செப்டம்பர் நடுவிலிருந்து ஆறு வாரங்கள் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கப் போகிறேன். அங்கிருந்து 395-ஆம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் வடக்கே சென்றால் லோன் பைன் என்ற சிற்றூர் வருகிறது. அதற்கு மேலே, சியரா நெவாடா மலையின் கிழக்குச் சரிவில், வால்ட்ஸ் பாயின்ட் என்ற புகழ்பெற்ற டேக்-ஆஃப், அதாவது பறக்கப் புறப்படும் இடம், இருக்கிறது. சுமார் 9,000 அடி உயரத்திலிருந்து புறப்பட்டு, சுமார் 3,700 அடி உயரத்திலுள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். வடமேற்கில் விட்னி சிகரம் 14,505 அடிக்கு நிற்கிறது. படங்களைப் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

பாலைவனத்தில் தெர்மல் (வெயிலில் சூடேறி மேலெழும் காற்று) வலுவாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது மட்டுந்தான் வேறுபாடா, அல்லது பீரில் கற்றுக்கொண்ட எதையாவது நான் அங்கே மறக்க வேண்டியிருக்குமா? இதைத் தெரிந்தவர்களிடம் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வல்லூறு | ஆகஸ்ட் 11, இரவு 10.05

மகிழ்ச்சியான செய்தி. தயங்காமல் போய்வாருங்கள். பில்லிங் டேக்-ஆஃப் 2,400 மீட்டர். வால்ட்ஸ் பாயின்ட் சுமார் 2,750 மீட்டர். வேறுபாடு 350 மீட்டர்தான். பீரின் தௌலாதார் மலையோரம் மூன்று மணி நேரம் பறந்தவருக்கு இது எட்டாத இடம் இல்லை. உள்ளூர் விமானிகளோடு சேர்ந்து பறங்கள், அவ்வளவே.

அடையாறு வானிலை | ஆகஸ்ட் 12, காலை 6.40

நான் பறப்பவன் இல்லை. வானிலையைப் பல ஆண்டுகளாகக் கவனித்து எழுதி வருபவன். டேக்-ஆஃப் உயரங்களை மட்டும் ஒப்பிடுவதால் உண்மை பிடிபடாது என்று கருதுகிறேன். ஆகவே காற்றின் பக்கத்திலிருந்து சிறிது விரிவாக எழுதுகிறேன்.

நமக்குத் தெரிந்த சென்னையிலிருந்தே தொடங்கலாம். மே மாத மதியம் வெப்பநிலை 35 டிகிரி என்றும், பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரி என்றும் கொள்வோம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் மேகத்தின் அடித்தளம் ஏறத்தாழ 125 மீட்டர் உயரும். பத்து டிகிரிக்கு 1,250 மீட்டர். பெருங்குடிக் குப்பைமேட்டின் மேல் வட்டமிடும் கரும்பருந்து எவ்வளவுதான் ஏறினாலும் அந்த உயரத்தில் மேகம் அதற்குக் கூரை போட்டுவிடும். இப்போது ஓவன்ஸ் பள்ளத்தாக்கைப் பாருங்கள். கோடைப் பகலில் தரை வெப்பம் 38 டிகிரி, பனிநிலை 0 டிகிரி என்பது அங்கே வியப்பான நிலை இல்லை. 38-ஐ 125-ஆல் பெருக்கினால் தரையிலிருந்து 4,750 மீட்டர். தரையே கடல் மட்டத்துக்கு மேல் 1,100 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. ஆக, நம் ஊரில் மேகம் போடும் கூரை அங்கே பல நாள்களில் இல்லவே இல்லை. மேகமே தோன்றாத நீல வானத்தில் தெர்மல் ஏறிக்கொண்டே இருக்கும்.

இதனால் விளைவது இரண்டு. முதலாவது, பீரில் உங்களுக்கு வழிகாட்டிய அடையாளம் போய்விடுகிறது. அங்கே ஒரு மலைமுகட்டின் மேல் பஞ்சுப் பொதி போல் மேகம் கட்டும்போது அதன் கீழே ஏற்றம் இருக்கிறது என்றும், அது கறுத்துத் தடிக்கும்போது விலக வேண்டும் என்றும் கண்ணாலேயே தெரிந்துகொள்கிறீர்கள். நீல வானம் எச்சரிக்காது. தரையில் எழும் புழுதி ஒன்றுதான் சாட்சி. இரண்டாவது, வறண்ட காற்று ஏறும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிர்கிறது. கீழே 38 டிகிரியில் வியர்த்துக்கொண்டு நிற்கும் அதே காற்று 5,000 மீட்டரை எட்டும்போது உறைநிலைக்கு வந்துவிடும். கையுறை எதற்கு என்று டேக்-ஆஃபில் தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து விரல் மரத்துப்போய் பிரேக் கயிற்றை உணர முடியாமல் போகும்.

இதைவிட முக்கியமானது, நாள் எப்படிப் புலர்கிறது என்பது. ஈரமில்லாத வானம் இரவில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில்லை. தரை விரைவாகக் குளிர்ந்து, அதன் மேல் குளிர்ந்த காற்று ஏரி போலத் தேங்கிவிடுகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டு நிற்கிறது. இந்தத் தலைகீழ் வெப்ப அடுக்கு உடையும் வரை காலைப்பொழுது மிக அமைதியாக இருக்கும். அடுப்பில் வைத்த பால் வெகுநேரம் அசையாமல் இருந்து, நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் பொங்கி வழிவதைப் போல, அடுக்கு உடைந்ததும் நிலைமை மாறிவிடும். சென்னையில் மதியம் கடற்காற்று வந்து கொதிப்பைத் தணிக்கிறது. உள்நாட்டுப் பாலைவனத்தில் அப்படித் தணிக்க எதுவும் வருவதில்லை.

திருவான்மியூர் சிறகு | ஆகஸ்ட் 12, மாலை 7.15

மேலே உள்ள பதிவுக்கு நன்றி. ஐந்து ஆண்டுகள் கலிபோர்னியாவில் பணியாற்றியபோது இரண்டு இலையுதிர் காலங்களில் அந்த மலையிலிருந்து பறந்திருக்கிறேன் என்பதால், அங்கே ஒரு நாள் எப்படி நகர்கிறது என்பதைச் சொல்கிறேன். கோவளம்காற்று அவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வால்ட்ஸ் பாயின்ட் கிழக்கு நோக்கிய சரிவு. சூரியன் எழுந்தவுடன் அந்தப் பாறைமுகத்தில் நேராக வெயில் விழும். பள்ளத்தாக்கு இன்னும் குளிர்ந்து கிடக்கும்போதே மலைமுகம் சூடேறி, அதையொட்டிக் காற்று மெல்ல மேலேறத் தொடங்குகிறது. ஹார்ஸ்ஷூ மெடோஸ் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் விடியலில் ஏறிச் சென்றால், ஒன்பது மணிவாக்கில் முகத்தில் இதமான எதிர்காற்று படும். அந்த வேளையில் அந்த இடத்தைப் போல் எளிய டேக்-ஆஃப் வேறு எங்கும் இல்லை என்று தோன்றும். முதல் நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காலை ஒன்பது மணிக்கு அந்த மலையைப் பார்ப்பவர் அதன் குணத்தைப் பார்க்கவில்லை.

மதியம் நெருங்க நெருங்கச் சூரியன் முகட்டின் மேலே போகிறது. கிழக்குச் சரிவு வெயிலை இழக்கத் தொடங்குகிறது. அதே வேளையில் பசிபிக் பக்கமிருந்து வரும் மேலைக்காற்று முகட்டைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. காலையில் காற்று மோதும் பக்கமாக இருந்த சரிவு பிற்பகலில் காற்றின் மறைவுப் பக்கமாகிவிடுகிறது. அங்கே உருளும் காற்றைத்தான் ரோட்டர் என்கிறோம். தென்மேற்குப் பருவக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கிலோ தென்காசியிலோ மலைக்குக் கிழக்கே நின்றவர்களுக்கு, மலையைத் தாண்டி வரும் காற்று எப்படிக் குதித்து இறங்கும் என்பது தெரியும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்த மலைச்சுவரை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று நெருக்கிப் பிழியப்பட்டு வேகமெடுப்பதைப் போல, சியராவின் ஒவ்வொரு கணவாய்க்கு எதிரேயும் காற்று பீறிட்டு வருகிறது.

இது என் அச்சத்திலிருந்து எழுதுவதில்லை. 1951-52-இல் அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள பிஷப் ஊரைத் தளமாகக் கொண்டு, சியராவைத் தாண்டும் காற்றலைகளை ஆராய ஒரு திட்டமே நடந்தது. 1952 மார்ச்சில் அதில் பங்கேற்ற லாரி எட்கரும் ஹெரால்ட் கிளீஃபோர்தும் எஞ்சின் இல்லாத கிளைடரில் 44,255 அடிக்கு ஏறினார்கள். அதே லாரி எட்கர் 1955-இல் அதே பள்ளத்தாக்கின் ரோட்டருக்குள் சிக்கியபோது, அவருடைய கிளைடர் வானிலேயே துண்டுதுண்டாக உடைந்தது; பாராசூட்டால் உயிர் பிழைத்தார். அது மரமும் உலோகமும் கொண்டு கட்டிய விமானம். நம்முடையது நூலில் தொங்கும் துணி. 2006-இலும் ஆராய்ச்சி விமானங்களோடு அறிவியலாளர்கள் ரோட்டரைப் படிக்க அங்கேதான் வந்தார்கள்.

அப்படியானால் அங்கே நூறு மைல், இருநூறு மைல் பறப்பவர்கள் எப்படிப் பறக்கிறார்கள்? அவர்கள் வெயிலைப் பின்தொடர்கிறார்கள். காலையில் சியராவின் கிழக்கு முகத்தில் ஏறி வடக்கே நகர்ந்து, மதியத்துக்கு முன் பள்ளத்தாக்கைக் கடந்து எதிரேயுள்ள இன்யோ, வெள்ளை மலைத்தொடருக்குப் போய்விடுகிறார்கள். பிற்பகல் வெயில் அந்த மலைகளின் மேற்கு முகத்தில் விழுகிறது. கடக்கும் நேரம் தவறினால் இரண்டு மலைக்கும் நடுவே பள்ளத்தாக்குக் காற்றில் மாட்டிக்கொள்வார்கள். 62 மணி நேரத்தோடு நீங்கள் அந்தக் கணக்கைப் போடக் கூடாது. காலையில் புறப்பட்டு, பத்தரைக்குள் தரையில் இருப்பது என்று முடிவு செய்துகொண்டு போவதானால், போய்வாருங்கள்.

பழைய பறவை | ஆகஸ்ட் 12, இரவு 11.30

தம்பி, நான் இப்போது பறப்பதில்லை. ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு எழுதாமல் தூங்க முடியவில்லை.

2011 பிப்ரவரியில் ஓமானில் வேலையில் இருந்தேன். ஹஜர் மலைத்தொடரின் ஓரத்தில் விடுமுறை நாள்களில் சிலர் சேர்ந்து பறப்போம். அந்த மலையின் பெரும்பகுதி ஒருகாலத்தில் கடலுக்கு அடியில் இருந்து மேலே தள்ளப்பட்ட கரும்பாறை. வெயில் பட்டால் இரும்புச் சட்டியாகக் காயும். அன்று நாற்பது நிமிடம் அழகாகப் பறந்து, திறந்த கற்றரையில் மெத்தென்று இறங்கினேன். நேரம் பதினொன்று நாற்பது. தலைக்கவசத்தைக் கழற்றினேன், தண்ணீர் குடித்தேன். சிறகு எனக்குப் பின்னால் விரிந்து கிடந்தது. உடலைச் சிறகோடு பிணைக்கும் ஹார்னஸிலிருந்து இன்னும் கழலவில்லை. காற்று அசையவே இல்லை என்பது இன்றும் நினைவிருக்கிறது.

சுழிக்காற்று வந்த சத்தத்தை முதலில் லாரி என்று நினைத்தேன். சிறகு என் தலைக்கு மேல் எழும்பியது. நான் இரண்டு ஆள் உயரம் தூக்கப்பட்டேன். பிறகு கற்களின் மேல் ஐம்பது அடி இழுத்துச் செல்லப்பட்டேன். தோளெலும்பு முறிந்தது. தலைக்கவசம் கையில் இருந்தது, தலையில் இல்லை. எப்படியோ பிழைத்தேன். உடன் இருந்தவர்கள் ஓடிவந்து சிறகின் மேல் விழுந்து அமுக்கவில்லை என்றால் இந்தப் பதிவு இல்லை.

பறத்தல் முடிந்துவிட்டது என்று நான் நினைத்த பிறகு நடந்தது இது. பாலைவனத்தில் கால் தரையில் பட்டவுடன் சிறகின் நூல்கள் வந்து சேரும் பின்பக்க வார்களை இழுத்து, காற்றிழந்து தரையில் படியும்படி சிறகைச் சாக வையுங்கள். உடனே ஹார்னஸிலிருந்து கழலுங்கள். சிறகைக் கொத்தாகச் சுருட்டிப் புதர் நிழலுக்கோ வண்டி மறைவுக்கோ கொண்டுபோங்கள். தலைக்கவசத்தைக் கடைசியாகக் கழற்றுங்கள். தண்ணீர் அதற்குப் பிறகு.

வல்லூறு | ஆகஸ்ட் 13, காலை 8.10

பழைய பறவை ஐயா, படிக்கவே நடுக்கமாக இருந்தது. நலமாக இருப்பது நிம்மதி.

ஆனாலும் ஒரு கருத்தை மரியாதையோடு பதிவு செய்ய விரும்புகிறேன். பீரில் கூட விபத்து நடக்கிறது. காம்ஷெட்டிலும் பஞ்ச்கனியிலும் நடக்கிறது. ஒவ்வொரு புதிய இடத்துக்கும் “இன்னும் அனுபவம் வேண்டும்” என்று சொல்லிக்கொண்டே போனால், அந்த அனுபவத்தை எங்கே பெறுவது? நம் மாநிலத்தில் ஆண்டு முழுவதும் பறந்து பழகத் தளம் இல்லை. சென்னையிலிருக்கும் ஒருவர் ஆண்டுக்கு இருபது மணி நேரம் பறந்தாலே பெரிது. அந்த வேகத்தில் போனால் இருநூறு மணி நேரம் சேர்வதற்குள் முழங்கால் தேய்ந்துவிடும். வாய்ப்பு ஒரு முறைதான் வருகிறது.

திருவான்மியூர் சிறகு | ஆகஸ்ட் 13, மதியம் 1.30

வல்லூறு அவர்களே, அந்த ஆற்றாமை எனக்கும் உண்டு; நான் திரும்பி வந்த பிறகு பறந்த மணி நேரங்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் வாய்ப்பு ஒரு முறைதான் வருகிறது என்ற எண்ணமே அங்கே மிகப் பெரிய ஆபத்து. விடுமுறை முடிகிறது, நாளை விமானம், இன்றைக்கு விட்டால் இல்லை என்ற மனநிலையோடு பதினொரு மணிக்கு அந்த டேக்-ஆஃபில் சிறகை விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளூர்க்காரர்கள் அந்த வேளையில் சிறகை மடித்துக்கொண்டிருப்பார்கள். நான் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு போகச் சொல்கிறேன்.

350 மீட்டர்தான் வேறுபாடு என்று எழுதியிருந்தீர்கள். பில்லிங்குக்கும் வால்ட்ஸ் பாயின்டுக்கும் இடையே காற்றின் அடர்த்தியில் பெரிய வேறுபாடு இல்லை என்பது சரி. ஆனால் அவர் சிறகைக் கையாளப் பழகுவது கோவளம் கடற்கரையில். கடல் மட்டத்தில் 30 டிகிரியில் உள்ள காற்றோடு ஒப்பிட்டால், 9,000 அடியில் 20 டிகிரியில் உள்ள காற்று நான்கில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்தது. மெலிந்த காற்று சிறகைத் தாங்க வேண்டுமானால் வேகம் கூட வேண்டும். அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. மணிக்கு 38 கிலோமீட்டரில் பறக்கும் சிறகு அங்கே 44-இல் பறக்கும். டேக்-ஆஃபில் எதிர்காற்று இல்லை என்றால் அந்தக் கூடுதல் வேகத்தை உங்கள் கால்கள்தான் ஓடித் தர வேண்டும். கற்கள் நிறைந்த சரிவில் நான்கு காலடி அதிகமாக ஓடுவது எளிதில்லை. சிறகு மடிந்து மீளும்போதும் அதே கதை. எல்லாம் வேகமாக நடக்கும், உயர இழப்பும் கூடும்.

அடையாறு வானிலை | ஆகஸ்ட் 13, மாலை 5.50

ஒன்று விட்டுப்போயிற்று. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்கிழக்கிலிருந்து ஈரக்காற்று அந்த மலைகளுக்கு வந்து பிற்பகல் இடிமழையைத் தரும். செப்டம்பரின் முதல் பாதியிலும் அதன் மிச்சம் வரக்கூடும். பாலைவனத்து இடிமேகத்தில் மழை தரையைத் தொடாமல் நடுவானிலேயே உலர்ந்துவிடுவது உண்டு. மழை இல்லையே என்று நிம்மதி அடையக் கூடாது. துளிகள் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனத்துச் சரிந்து விழுகிறது. கோடை இடிமழைக்கு முன் சென்னைத் தெருக்களில் புழுதியை வாரிக்கொண்டு ஒரு குளிர்காற்று அடிக்குமே, அதுவே மழையின்றித் தனியே, பல மடங்கு வேகத்தோடு, மேகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி நிற்பவரையும் வந்து தாக்கும்.

மேகத்துக்குள் இழுக்கப்படுவது எப்படிப்பட்டது என்பதற்கு 2007-இல் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் நடந்தது போதும். ஜெர்மனி விமானி எவா விஸ்னியெர்ஸ்கா இடிமேகத்தால் 9,946 மீட்டர் வரை தூக்கப்பட்டு, உணர்விழந்து, ஆலங்கட்டியில் சிக்கி உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன விமானி உயிருடன் திரும்பவில்லை.

பெசன்ட்நகர் அலை | ஆகஸ்ட் 14, காலை 7.00

பாலைவனம் என்றால் ஒரே வகை என்று இந்த இழை போய்க்கொண்டிருக்கிறது. சிலி நாட்டின் இகீக்கே நகரைப் பற்றியும் ஒருவர் சொல்ல வேண்டும். உலகிலேயே மிக வறண்ட பகுதிகளில் ஒன்றான அட்டகாமா பாலைவனம் அங்கே கடலோரத்தில் செங்குத்தான மலைச்சுவராக முடிகிறது. மேலே ஆல்ட்டோ ஆஸ்பிசியோவில் டேக்-ஆஃப், கீழே நகரம், நகரத்தின் நடுவே செர்ரோ டிராகோன் என்ற பெரிய மணற்குன்று, அதற்கும் அப்பால் கடற்கரையில் லேண்டிங். அங்கே கடலில் ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. குளிர்ந்த கடலிலிருந்து வெந்த மணலை நோக்கி நாள் தவறாமல் காற்று வருகிறது; அந்தக் காற்று மலைச்சுவரில் மோதி மேலே ஏறுகிறது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் பறக்கலாம் என்பதால் உலகெங்குமிருந்து கற்றுக்கொள்ள வருகிறார்கள். அடையாறு ஐயா எழுதிய “தணிக்க எதுவும் வருவதில்லை” என்பது அங்கே பொருந்தாது, கடல் தணிக்கிறது. கடற்காற்றில் பழகிய சென்னைக்காரருக்கு முதல் பாலைவனம் அதுவாக இருப்பதே முறை என்பது என் எண்ணம்.

தென்னாப்பிரிக்காவின் காரூ மூன்றாவது வகை. 2008-இல் நெவில் ஹியூலெட் அங்கே காப்பர்டனிலிருந்து புறப்பட்டு 502.9 கிலோமீட்டர் பறந்து, பாராகிளைடரில் 500-ஐத் தாண்டிய முதல் மனிதரானார். ஆனால் அது சமவெளி. மலையிலிருந்து ஓடிப் புறப்படுவதில்லை, கயிற்றால் இழுத்து ஏற்றுகிறார்கள். ரோட்டர் உருட்ட அங்கே மலைச்சுவர் இல்லை. ஆகவே பாலைவனம் என்பதாலேயே இந்த ஆபத்து வருவதில்லை. உயர்ந்த மலையும் பாலைவனமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இருக்கிறது.

கோவளம்காற்று | ஆகஸ்ட் 14, இரவு 10.45

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய பறவை ஐயாவின் பதிவை என் மனைவியும் படித்தார். “பத்தரைக்குள் இறங்குவதானால் போங்கள்” என்பதே வீட்டிலும் தீர்ப்பு. இகீக்கே இப்போது கைக்கு எட்டாது, மனத்தில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு கேள்விகள் மட்டும். எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்வது? செயற்கைக்கோள் தகவல் கருவியை இங்கேயே வாங்கிச் செல்லலாமா?

திருவான்மியூர் சிறகு | ஆகஸ்ட் 15, காலை 9.30

தண்ணீர் நான்கு லிட்டர். அதில் மூன்றை உறிஞ்சு குழாய் உள்ள பையில் ஹார்னஸுக்குள் முதுகுப் பக்கம் வையுங்கள். ஒரு லிட்டர் தனியாகப் புட்டியில் இருக்கட்டும், ஏனென்றால் கடினமான லேண்டிங்கில் பை கிழிந்து நான் நெடுஞ்சாலை வரை நாவறண்டு நடந்திருக்கிறேன். நான்கு கிலோ எடை கூடுகிறது. உங்கள் சிறகின் எடை வரம்புக்குள் அது அடங்குகிறதா என்று இங்கேயே எடைபோட்டுப் பாருங்கள். ரிசர்வ் பாராசூட்டின் கைப்பிடியைக் குழாய் மறைக்காமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கருவியை இங்கே வாங்காதீர்கள். அங்கே போய் வாடகைக்கு எடுங்கள். உரிய அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்பது இந்தியாவில் சட்டத்துக்கு எதிரானது. பயணிகள் விமான நிலையத்திலேயே அதற்காகப் பிடிபட்டிருக்கிறார்கள். அதே காரணத்தால் அங்கே வாங்கி இங்கே கொண்டுவரவும் வேண்டாம். பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலையை விட்டு விலகினால் கைப்பேசிக்கு அலைவரிசை நம்பகமில்லை. ஆகவே கருவி இல்லாமலும் பறக்க வேண்டாம்.

லேண்டிங் இடத்தை முந்தைய நாளே வண்டியில் போய்ப் பாருங்கள். உயர் மின்னழுத்தக் கம்பிகள் பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் ஓடுகின்றன. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது, கோபுரம் மட்டுமே தெரியும். தெற்கே வெள்ளையாகத் தெரிவது ஓவன்ஸ் ஏரி. 1913-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கால்வாய் வெட்டி ஆற்று நீரைக் கொண்டுபோன பிறகு வற்றிப்போன ஏரி அது. (வீராணத்திலிருந்து குழாயில் வரும் நீரைக் குடிக்கும் நமக்கு அந்தக் காட்சி மனத்தைப் பிசையும்.) அந்த ஏரிப்படுகையைக் காற்றுமானியாகப் பயன்படுத்துங்கள். அங்கே புழுதி எழும்பி வடக்கே நகர்ந்தால் பள்ளத்தாக்குக் காற்று தொடங்கிவிட்டது என்று பொருள்.

கோவளம்காற்று | நவம்பர் 6, இரவு 8.50

திரும்பி வந்துவிட்டேன். இந்த இழைக்குக் கடன்பட்டிருப்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் நான்கு நாள் லோன் பைனில் தங்கினேன். முதல் நாள் பறக்கவில்லை. லேண்டிங் இடங்களைப் பார்த்தேன், கம்பிகளை வரைபடத்தில் குறித்தேன். இரண்டாம் நாள் விடியலில் உள்ளூர் விமானிகள் மூவரோடு மேலே சென்றேன். எட்டரை மணிக்கே முகட்டுக்கு மேலே வானத்தில் மென்மையான, அம்மிக்கல்லைப் போல் வழவழப்பான மேகம் ஒன்று நகராமல் நின்றது. அலைமேகம் என்றார் அவர்களில் மூத்தவர். மேலே காற்று பலமாகத் தாண்டுகிறது என்பதற்கு அது அடையாளம். டேக்-ஆஃபில் காற்று அசையவில்லை, எனக்குப் பறக்கத் தகுந்த நாளாகவே தோன்றியது. அவர்கள் ஒன்றும் விவாதிக்கவில்லை. வண்டியில் ஏறிக் கீழே வந்து காலை உணவு சாப்பிட்டோம். அன்று மதியம் சாலையோரத்தில் வண்டிக் கதவைத் திறக்கவே இரண்டு கை வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் மேகம் இல்லை. ஒன்பது பத்துக்குப் புறப்பட்டேன். ஓட்டத்தைப் பற்றித் திருவான்மியூர் சிறகு அவர்கள் எழுதியது முற்றிலும் உண்மை. சிறகு தலைக்கு மேல் வந்த பிறகும் கால்கள் தரையை விட மறுத்தன, கோவளத்தில் ஓடியதைப் போல் இரு மடங்கு ஓடினேன். பிறகு அந்தக் கருங்கல் முகங்களின் ஓரத்தில் மூன்று தெர்மல்கள் கிடைத்தன. மெல்லியவை, பீரில் கிடைப்பதைவிட ஒடுங்கியவை. ஒரு பக்கச் சிறகு ஏறும்போது மறுபக்கம் ஏற்றத்துக்கு வெளியே நின்றது. ஒருமுறை இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மடிந்து, நான் எதுவும் செய்வதற்குள் திறந்துகொண்டது. மேலும் 300 மீட்டர் ஏறலாம் என்று, ஏற்றத்தை ஒலியால் சொல்லும் வேரியோ கருவி பாடிக்கொண்டிருந்தபோது மணி ஒன்பதே முக்கால். பள்ளத்தாக்கின் மேலே சென்று, பத்து பதினெட்டுக்கு இறங்கினேன். பின்வார்கள், ஹார்னஸ், சுருட்டல், வண்டி நிழல், கடைசியாகத் தலைக்கவசம். தண்ணீர் அதற்குப் பிறகு.

பறந்தது ஒரு மணி எட்டு நிமிடம். நான்காம் நாளும் அதே போல ஐம்பது நிமிடம்.

மூன்றாம் நாள் இறங்கிய பிறகு அறைக்குப் போக மனமில்லாமல் அங்கேயே வண்டியில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு மணி நேரத்தில் பதினான்கு சுழிக்காற்றுகளை எண்ணினேன். அவற்றில் ஒன்று நான் சிறகைச் சுருட்டிய இடத்தின் மேலேயே போனது. காற்றுத் திசை பார்க்க அங்கே ஒரு புதரில் கட்டியிருந்த துணித்துண்டு, அது கடந்து முடிவதற்குள் நான்கு திசைகளையும் காட்டிவிட்டுக் கழன்று மேலே போய்விட்டது. எவ்வளவு உயரம் போனது என்று பார்க்க முடியவில்லை; மறைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மழை விட்டால் காலை ஆறரைக்குக் கோவளத்தில் இருப்பேன். பழைய பறவை ஐயா வர முடியுமானால், சிறகைச் சாக வைக்கும் முறையை அங்கே எல்லோருக்கும் ஒருமுறை காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பறவை | நவம்பர் 6, இரவு 9.15

வருகிறேன் தம்பி. தோள் ஒத்துழைக்காது, நான் சொல்கிறேன், நீங்கள் இழுங்கள்.